தடை விலகும் இடம்: கருவிலேயே பல் இறுகத் தொடங்குவது எப்படி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். திரையில் காட்டிய படங்களைச் சார்ந்த பகுதிகளும் சில கிளைப்பேச்சுகளும் நீக்கப்பட்டுள்ளன.)



குழந்தைக்குப் பல் எப்போது வரும் என்று கேட்டால், ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ என்று வீட்டில் எவரும் சொல்லிவிடுவார்கள். ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முனை தெரிகிற நாளையே பல்லின் பிறந்தநாளாகக் கணக்கு வைத்திருக்கிறோம். நம் மொழி இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கவனமானது. பல் 'முளைத்தது' என்கிறோம். முளைக்கிறது என்றால் மண்ணுக்கடியில் ஒரு வித்து முன்பே கிடந்திருக்க வேண்டும். அந்த வித்து எப்போது இறுகத் தொடங்கியது, அதை இறுகவைத்தது எது என்பதே என் பொருள். 'எப்போது' என்பதற்கு விடை சொல்வது எளிது. கருத்தரித்து ஏறத்தாழ 14 வாரத்தில், நடு வெட்டுப்பற்களின் விளிம்பில் முதல் கனிமம் படிகிறது. முதல் கடைவாய்ப்பல், பக்க வெட்டுப்பல், கோரைப்பல், இரண்டாம் கடைவாய்ப்பல் என்று அடுத்த ஐந்து வாரங்களுக்குள் இருபது பால் பற்களும் தொடங்கிவிடுகின்றன. இந்தக் காலக்கணக்கும் ஒரேயடியாகக் கிடைத்ததன்று. 1933-இல் லோகனும் கிரான்ஃபெல்டும் மிகச் சில தாடைகளை வைத்து ஓர் அட்டவணை தந்தார்கள். பல தலைமுறை மாணவர்கள் அதையே மனப்பாடம் செய்தார்கள். பிறகு அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தால் கருவின் தாடைகளில் கனிமம் படிந்த இடத்தை மட்டும் நிறமேற்றிப் பார்த்த கிராஸ், ஜோர்டன் ஆகியோரின் நூல் 1965-இல் வெளிவந்தது. தொடக்கம் அட்டவணை சொன்னதைவிட முந்தியது என்று அதன் பிறகே தெளிவாயிற்று.

'எது இறுகவைக்கிறது' என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. பல் என்றால் கால்சியம், கால்சியம் வந்து சேர்ந்தால் பல் கெட்டிப்படும், குறைந்தால் கெட்டிப்படாது என்பது பொதுவான எண்ணம். சரக்கு வந்தால் கட்டடம் எழும் என்பது போன்ற கணக்கு இது. கருவில் பல் இறுகத் தொடங்குவதைச் சரக்கின் கதையாகச் சொன்னால் பாதிக்குமேல் விட்டுப்போகும் என்பது என் வாதம். சரக்கு எப்போதும் எங்கும் இருக்கிறது. உடம்பின் பெரும்பாடெல்லாம் அதைப் படியவிடாமல் தடுத்துவைப்பதில்தான். பல்லரும்பில் நடப்பது ஒரு குறித்த இடத்தில், குறித்த வேளையில், குறித்த வரிசையில் அந்தத் தடை விலகுவது.

1. முதலில் வேதியியல். நம் இரத்தத்திலும் திசுக்களின் இடையே ஊறும் நீரிலும் உள்ள கால்சியம், பாஸ்பேட் அளவு, எலும்புக்கும் பல்லுக்கும் அடிப்படையான ஹைட்ராக்சிஅபடைட் கனிமத்தைப் பொறுத்தவரை மிகைச்செறிவு. எங்கேனும் ஒரு படிகம் தலைகாட்டிவிட்டால், அது கரையாமல் மேலும் வளரப் போதிய சரக்கு எந்நேரமும் உண்டு. உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படியானால் தோலும் இரத்தக்குழாயும் ஏன் படிவேறிக் கல்லாகிவிடவில்லை? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வாய்க்குள்ளேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. எச்சிலும் மிகைச்செறிவுள்ள நீர். கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தில், எச்சில் சுரப்பிக் குழாய் திறக்கும் இடத்தருகே பற்காரை கெட்டிப்படுகிறதே, அது கட்டுப்பாட்டுக்கு வெளியே படிந்த கால்சியம் பாஸ்பேட். சரக்கு மட்டும் போதும் என்றால் கிடைப்பது பற்காரை, பல் கிடைப்பதில்லை.

தடுத்துவைப்பது எது? பல தடைகள் உண்டு. அவற்றில் நன்கு அறியப்பட்டது பைரோபாஸ்பேட், இரண்டு பாஸ்பேட் கூறுகள் இணைந்த சிறிய மூலக்கூறு. தண்ணீர்க் குழாய்களில் சுண்ணம் படியாமலிருக்க இந்த இனத்துப் பாஸ்பேட்டுகளைக் கலப்பது தொழிற்சாலைகளின் பழைய வழக்கம். உடம்பும் அதே உத்தியைக் கையாள்கிறது என்பதை 1960-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் காட்டினார். பற்காரையைக் குறைக்கும் என்று விற்கப்படும் பற்பசைகள் பலவற்றில் இதே பொருள் சேர்க்கப்படுகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய கண்டுபிடிப்புக்குத் திரும்புவோம். 1923-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் ராபிசன், எலும்பாகிக்கொண்டிருக்கும் திசுவில் பாஸ்படேஸ் என்ற நொதி மிகுந்திருப்பதைக் கண்டார். அந்த நொதி பாஸ்பேட்டைப் பிரித்துக் கொடுத்து அதன் அளவை உயர்த்துகிறது, அதனால் கனிமம் படிகிறது என்று அவர் விளக்கினார். சரக்கு வழியில் நேர்த்தியான விளக்கம். பைரோபாஸ்பேட்டின் வேலை தெரிந்த பிறகு அதே நொதிக்கு வேறொரு முகம் தெரிந்தது: அது தடையைச் சிதைக்கிறது. ஒரே நொதி, ஒரே வினை. அதைப் படித்த கோணம் மாறிற்று.

எந்தக் கோணம் சரி என்று தீர்மானிக்க ஒரு நோய் உதவியது. இந்த நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் நிலையைக் கனடாவின் ராத்பன் 1948-இல் விவரித்தார். அந்தக் குழந்தைகளின் எலும்பு இறுகுவதில்லை. பால் பற்களைத் தாடையோடு பிணைக்கும் சிமெண்டம் படலம் சரியாக உருவாகாததால், வேர் கரையாமலேயே, முழு வேரோடு பல் முன்கூட்டி விழுகிறது. ஆனால் அவர்களின் இரத்தத்தில் கால்சியமோ பாஸ்பேட்டோ குறைந்திருப்பதில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட கைக்குழந்தைகளிடம் கால்சியம் மிகுந்தே காணப்படுவதுண்டு. தேங்கிக் கிடப்பது பைரோபாஸ்பேட். 2015-இல் ஒப்புதல் பெற்ற சிகிச்சையிலும் செலுத்தப்படுவது அந்த நொதிதான், கால்சியம் இல்லை. எதிர்த்திசையிலிருந்தும் சான்று உண்டு. 2005-இல் முர்ஷெத், கார்சென்டி ஆகியோர் எலிகளின் தோலில் இந்த நொதியைச் சுரக்கவைத்தார்கள். எலும்பிலும், பல்லின் உட்பகுதியான டென்டைனிலும் உள்ள அதே வகைக் கொலாஜன் நார் தோலிலும் உண்டு. நொதியும் அதனோடு சேர்ந்ததும் தோலில் கனிமம் படிந்தது. சரக்கைக் கூட்டவில்லை, தடையை நீக்கியதும் தோலே இறுகியது.

2. தடை எந்த இடத்தில் விலகும் என்பது கனிமம் தலைகாட்டுவதற்கு வெகுமுன்பே, எல்லாம் மென்மையாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆறாம் வாரம் வாக்கில் கருவின் வாய்த்தோல் தடித்து உள்ளே இறங்குகிறது. மொட்டாகி, தொப்பியாகி, மணியாகிறது. அதன் கீழே கூடும் திசு, நரம்புமுகடு என்ற கருப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த செல்களால் ஆனது. பல் எந்தப் பல்லாக வேண்டும் என்று இந்த இரண்டில் எது சொல்கிறது? 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோலாரும் பேர்டும் எலிக் கருவில் இரண்டையும் பிரித்து மாற்றிச் சேர்த்தார்கள். வெட்டுப்பல்லின் தோலைக் கடைவாய்ப்பல்லின் அடித்திசுவோடு சேர்த்தால் கடைவாய்ப்பல் வந்தது. பாதத்துத் தோலைச் சேர்த்தபோதும் பல் வந்தது. ஆகவே அதிகாரம் அடித்திசுவிடம் என்று தோன்றிற்று. 1987-இல் மீனாவும் கோலாரும் இன்னும் இளைய கருவை எடுத்தபோது விடை மாறியது: அந்த வயதில் தாடைத் தோல், வழக்கமாகப் பல்லே தராத இரண்டாம் செவுள் வளைவின் திசுவிலும் பல்லை எழுப்பியது. தொடக்கத்தில் சொல்வது தோல். பிறகு சொல்லும் உரிமை அடித்திசுவுக்குக் கைமாறுகிறது. முரணாகத் தெரிந்த இரண்டு முடிவுகளும் ஒரே உரையாடலின் இரு வேறு நேரங்கள்.

இந்த உரையாடலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி எனாமல் முடிச்சு. தொப்பி நிலையில் உள்தோலின் நடுவே ஒரு சிறு கூட்டம் செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்கின்றன. 1994-இல் ஹெல்சிங்கியில் யெர்ன்வாலும் தெஸ்லெஃபும் உடனாய்வாளர்களும் காட்டியது வியப்பானது: தான் பிரியாத அந்த முடிச்சுதான் சுற்றிலுமுள்ள செல்களைப் பிரியத் தூண்டும் புரதத்தைச் சுரக்கிறது. நடு அசையாமல் நிற்க, சுற்றுப்புறம் பெருக, திசு மடிகிறது. கடைவாய்ப்பல்லில் இத்தகைய முடிச்சுகள் இரண்டாம் சுற்றிலும் தோன்றுகின்றன, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்றாக. வேலை முடிந்ததும் முடிச்சுச் செல்கள் தாமாகவே மடிந்துபோகின்றன. அவை நின்ற அதே உச்சியில்தான் முதல் கனிமம் படிகிறது. அங்கிருந்து கழுத்தை நோக்கிக் கீழிறங்குகிறது. ஒரு பல்லில் எத்தனை மேடு, எவ்வளவு இடைவெளி என்பதை மென்திசுவின் மடிப்பே எழுதிவைக்கிறது; கனிமம் அதை உறையவைக்கிறது.

3. அடுத்தது வரிசை. பல்லின் வெளிப்புறத்தை மூடுவது எனாமல், உள்ளே இருப்பது டென்டைன். கட்டுவது உள்ளிருந்துதான் தொடங்குகிறது. தோலின் உட்செல்கள் முதலில் நீண்டு நிமிர்ந்து, எதிரேயுள்ள அடித்திசுச் செல்களுக்குக் குறிப்புக் கொடுக்கின்றன. அவை ஓடொன்டோபிளாஸ்ட்களாக மாறிக் கொலாஜன் நாரைச் சுரக்கின்றன. இது இன்னும் மெத்தென்ற டென்டைன்-முன்னோடி. அதனுள் நுண்ணிய பைகள் பிதுங்கி விழுகின்றன. நாம் பார்த்த அதே பாஸ்படேஸ் நொதி இந்தப் பைகளின் உறையில் செறிந்திருக்கிறது. முதல் படிகங்கள் பைக்குள்ளேயே உருவாகி, உறையைக் கிழித்து வெளியே பரவுகின்றன. இப்படி ஒரு மெல்லிய படலம் டென்டைன் இறுகிய பிறகே, முதலில் குறிப்புக் கொடுத்த தோல் செல்கள், தமக்குத் திரும்பி வந்த குறிப்பை ஏற்று, அமெலோபிளாஸ்ட்களாகி எனாமல் சுரக்கின்றன. கொடுத்தவர் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கால்சியம் எட்டுவதைப் பொறுத்த விஷயமாக இருந்தால் இந்தக் காத்திருப்புக்கு அவசியமே இல்லை. இரு செல் அடுக்குகளுக்கும் இடையே இருப்பது மைக்ரான் கணக்கிலான தூரம்.

எனாமலின் வழி முற்றிலும் வேறு. அதில் கொலாஜன் இல்லை. அமெலோஜெனின் என்ற புரதமே பெரும்பங்கு. டென்டைன் எடையில் சுமார் 70 விழுக்காடு கனிமம், எனாமல் சுமார் 96 விழுக்காடு. ஆனால் சுரந்த புதிதில் எனாமலில் கனிமம் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஒழுங்காக எட்டுவதில்லை. மீதி புரதமும் நீரும். முழுத் தடிமனும் முதலில் இப்படி நெகிழ்வாக எழுகிறது. பிறகு அதே செல்கள் வேலையை மாற்றிக்கொண்டு, தாம் சுரந்த புரதத்தைத் தாமே வெட்டி உறிஞ்சி எடுக்கின்றன. படிகம் வளரும்போது பிறக்கும் அமிலத்தைப் பைகார்பனேட் கொண்டு ஆற்றுகின்றன. புரதம் விலகிய இடத்தில் படிகங்கள் அகலத்தில் பருக்கின்றன. பல்லிலேயே மிகக் கடினமான பொருள், எடுத்து எறிவதால் உருவாகிறது. புரதத்தை வெட்டும் நொதிகளுக்கான மரபணுக்களில் பழுது இருந்தால் என்ன ஆகும் என்று 2004-இலும் 2005-இலும் வெளியான குடும்ப ஆய்வுகள் காட்டின. எனாமலின் தடிமன் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது. ஆனால் பழுப்பேறி, மென்மையாகி, எளிதில் தேய்கிறது. கால்சியத்துக்குக் குறைவில்லை. உள்ளே வர இடமில்லை, ஏனெனில் வெளியேற வேண்டியது வெளியேறவில்லை.

4. வாசல் திறந்திருக்கும் வேளையில் யார் நுழைகிறார் என்று பல்லரும்பு கறாராகப் பார்ப்பதில்லை. இடத்துக்கும் காலத்துக்கும் காவல் உண்டு. ஆள் அடையாளத்துக்கு அவ்வளவு இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958-இல் தொடங்கி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பால் பற்கள் திரட்டப்பட்டன; மருத்துவர் லூயிஸ் ரெய்ஸ் அந்தப் பணியை முதலில் நடத்தியவர். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் மழையோடு இறங்கி, புல்லில் ஏறி, பாலில் கலந்த ஸ்ட்ரான்ஷியம்-90 கால்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும். 1963-இல் பிறந்த குழந்தைகளின் பால் பற்களில் அது 1950-இல் பிறந்தவர்களிடம் இருந்ததைப் போல் சுமார் 50 மடங்கு இருந்தது. அந்தப் பல் விழும்போது குழந்தைக்கு ஆறோ ஏழோ வயது. பல் சொன்னது கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் நடந்ததை. எனாமலில் நாள்தோறும் சில மைக்ரான்கள் ஏறும் அடுக்குகளிடையே பிறப்பை ஒட்டி ஒரு கோடு விழுகிறது. 1936-இல் ஐசக் ஷோர் விரிவாக விவரித்த அந்தக் கோடு எல்லாப் பால் பற்களிலும் நிலைப்பற்களில் முதல் கடைவாய்ப்பல்லிலும் தென்படக்கூடியது. கோட்டுக்கு உட்புறம் தாயின் வயிறு, வெளிப்புறம் உலகம். குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்தால் பல் நிறம் மாறுவதும் இந்தத் திறந்த வாசல் வழியாகத்தான்.

இனி எதிர்வாதங்கள். வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சரக்கு முக்கியமில்லை என்றால், வைட்டமின் டி குறைந்த குழந்தைகளின் பல் ஏன் கெடுகிறது? 1918-இலேயே மே மெல்லன்பி நாய்க்குட்டிகளின் உணவை மாற்றி, பல் மோசமாக உருவாவதைக் காட்டினாரே? உண்மை, இதை மழுப்ப நான் விரும்பவில்லை. மிகைச்செறிவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், தடை விலகினாலும் படிவதற்குப் பொருள் போதாது. ஆனால் அப்போது எது கெடுகிறது என்று நுண்ணோக்கியில் பாருங்கள். டென்டைனில் கனிமம் சிறு உருண்டைகளாகத் தொடங்கி, வளர்ந்து, ஒன்றோடொன்று கலக்க வேண்டும். குறைபாட்டில் உருண்டைகள் உரிய இடத்தில் தொடங்கியே இருக்கின்றன. கலக்காமல் இடையிடையே இறுகாத தீவுகள் விடுபடுகின்றன. ஆகவே சரக்குக்கு நான் தரும் இடம் இது: தொடங்கியதை நிறைவு செய்வதில் அதற்குப் பெரும்பங்கு, தொடங்குவதைத் தீர்மானிப்பதில் சிறுபங்கு.

இரண்டாம் எதிர்வாதம் ஃபுளோரைடைப் பற்றியது. இது நம் மண்ணுக்கும் நெருக்கமானது. ஃபுளோரைடு படிகம் உருவாவதை ஊக்குவிக்கும் அயனி. வாய்க்கு வந்துவிட்ட பல்லின் மேற்பரப்பை அது காக்கிறது. அப்படியானால், வளரும் பல்லுக்கு அது கூடுதலாகக் கிடைத்தால் எனாமல் இன்னும் கெட்டியாக வேண்டும். நடப்பது நேரெதிர். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து ஷார்ட்டும் உடன்பணியாற்றியவர்களும் ஃபுளோரைடு நஞ்சேற்றத்தைப் பதிவு செய்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரால் பல்லில் பழுப்பேறியது ஊரறிந்த செய்தி. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இருக்கிறது. அந்தப் பற்களின் எனாமலில் மேற்புறத்துக்கு அடியில் கனிமம் குறைவு, நுண்துளை மிகுதி. வெளியேற வேண்டிய புரதம் தாமதித்துத் தங்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். படிகத்தை ஊக்குவிக்கும் பொருளைக் கூட்டியதால் கனிமம் குறைந்தது. சரக்கு வாதத்தால் இதை விளக்க முடியாது. வரிசை கெட்டது என்று பார்த்தால் விளங்கும்.

செல்களே இல்லாமல் ஆய்வுக்கூடக் குடுவையில் அபடைட் படிகத்தை வளர்க்கிறார்களே என்பது மூன்றாவது. வளர்க்கலாம், பற்காரையும் அப்படித்தான் வளர்கிறது. எனாமலில் படிகங்கள் கற்றை கற்றையாக, ஒவ்வொரு அமெலோபிளாஸ்ட்டின் நுனியும் பின்வாங்கிய தடத்தைப் பின்பற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. குடுவைக்குத் தெரியாதது அந்தத் தடம்.

பிள்ளை ஒன்றுக்குப் பல் ஒன்று போகும், வயிற்றுக் குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் என்று பல நாடுகளில் நம்பப்படுகிறது. இதுவும் சரக்குக் கணக்கில் பிறந்த நம்பிக்கை. கருவுக்கு வேண்டியது தாயின் உணவிலிருந்து வருகிறது; போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கப்படலாம். எலும்பைக் கரைத்துக் கட்டும் செல்கள் எலும்பில் உண்டு; முளைத்த பல்லின் எனாமலில் அப்படி எவரும் இல்லை. கர்ப்பகாலத்தில் ஈறு வீங்கிக் கசிவதும், வாந்தியின் அமிலம் பல்லை அரிப்பதும் மெய்யான சிக்கல்கள், சிகிச்சை உள்ளவை. அவற்றைக் குழந்தையின் தலையில் கட்டுவதால் தாய்க்கும் உதவியில்லை.

'தொடங்குவது' என்ற சொல்லே ஒரு தவறான படத்தைத் தரலாம் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பல் இறுகத் தொடங்குவது ஒரு நாளில் நடந்து முடியும் நிகழ்ச்சி இல்லை. பால் பற்களில் பதினான்காம் வாரத்தில் தொடங்கி, நிலைப்பற்களின் முதல் கடைவாய்ப்பல்லில் பிறப்பை ஒட்டித் தொடங்கி, ஞானப்பல்லில் ஏழு முதல் பத்து வயதுக்குள் தொடங்குகிறது. டென்டைனைக் கட்டிய செல்கள் பற்கூழின் ஓரத்தில் உயிரோடு இருந்து, தேய்மானத்துக்கும் சொத்தைக்கும் ஈடாக ஆயுள் முழுதும் புதிதாகச் சிறிது டென்டைன் போடுகின்றன. எனாமலைக் கட்டியவற்றுக்கு அந்த வாய்ப்பில்லை. எச்சில் அதன் பழைய படிகங்களைச் சற்றே நிரப்பிக் கொடுக்கலாம். புதுக் கற்றையைத் தொடங்க எச்சிலால் ஆகாது. ஆறு வயதில் கடைவாயில் முதல் நிலைப்பல் முளைக்கும்போது, அதன் மேடுகளை இழைக்கும் வேலை குழந்தை பிறந்ததை ஒட்டித் தொடங்கி மூன்று வயதுக்குள் முடிந்திருக்கும். இழைத்த செல்களின் எஞ்சிய மென்படலமும், பல் வெளியே வந்து சில நாள் உணவு மெல்வதற்குள் உரிந்து போய்விடும்.